போத்தலில் வைத்த கூழாங்கல்

என் வலது மார்பை எடுத்த அன்றே அது பித்தப்பைக் கல்லாக மாறிவிட்டது. மாற்றியது டாக்டர் இல்லை, என் நாத்தனார். அவளுடைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். குடும்பத்தில் இப்படியொரு நோய் இருப்பது தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஓடிவிடுவார்களாம். எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் ரத்த உறவே கிடையாது. நான் மாமன் பெண்டாட்டி. அதைச் சொன்னேன். "அதெல்லாம் ஊருக்கு வெளங்குமா அண்ணி?" என்றாள்.

என் கணவர் உடனே ஒப்புக்கொண்டார். கட்டுகஸ்தோட்டையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். எந்த லொறியின் எந்தப் பாகத்தையும் கூசாமல் பேர் சொல்லி எடுத்துக்கொடுப்பார். பெண்டாட்டியின் மார்பு என்று மட்டும் வாயில் வராது. நானோ பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பித்தப்பை எங்கே இருக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள். மயக்கம் தெளியாத தலையோடு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நோய் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்தில் இந்தக் கடமையை யாரும் தவறவிட மாட்டார்கள். மால்ட் டின், தோடம்பழம், மாரி பிஸ்கட், கூடவே அறிவுரை. முட்டை ஆகாது, பொரியல் ஆகாது. காயத்தில் ஊறும் நீர் வடிய ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு போத்தலும் என் இடுப்பில் தொங்கின. அதை மறைக்க ஒரு கம்பளிச் சால்வை. பகல் வெயிலில் வியர்த்து ஒழுகினேன். பித்தம் இறங்குகிறது என்று ஒருத்தி சந்தோஷப்பட்டாள்.

பன்விலையிலிருந்து வந்த கணவரின் சித்தப்பாதான் வினையைத் தொடக்கினார். "கல்ல போத்தல்ல போட்டுக் குடுத்திருப்பாங்களே, எங்க காட்டுங்க?" என்றார். கல் ஆபரேஷன் செய்தவர்கள் கல்லைப் பெருமையாகக் காட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். அவருடைய கல் இன்னும் அவர் அலுமாரியில் இருக்கிறது. கணவர் திருதிருவென்று விழித்தார். பிறகு வீட்டின் பின்பக்கம் போனார். மதில் கட்டக் கொட்டியிருந்த ஆற்று மணலில் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, கழுவி, ஜேம் போத்தலில் போட்டுக் கொண்டுவந்தார். சித்தப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன்னுடையதைவிடச் சிறியது என்பதில் அவருக்குத் திருப்தி. அன்றிலிருந்து அது முன்னறை மேசையில் இருந்தது. என்னைப் பார்த்தவர்களைவிட அதைப் பார்த்தவர்கள் அதிகம்.

எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கை? ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைத் தினமும் தூக்கிப் பழக வேண்டும். சுவரோடு நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். பித்தப்பை எடுத்தவள் எதற்குச் சுவரில் பல்லி மாதிரி ஏறுகிறாள் என்று கேட்பார்களே. ஆட்கள் போகட்டும் என்று காத்திருப்பேன். ஒரு கூட்டம் போனால் மறு கூட்டம் வரும். குழாயை எடுத்த பிறகு கமக்கட்டுக்குக் கீழே நீர் கட்டி வீங்கியது. ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். மறுபடி கட்டியது. கை தோளோடு இறுகிப்போனது. குளிக்கும்போது தட்டையாகக் கிடந்த அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்து அழுதேன். பைப்பைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன், முன்னறையில் ஆட்கள் இருந்தார்கள்.

கதிர் சிகிச்சைக்கு அளவெடுக்கப் போன நாளில், கட்டிலில் படுக்கவைத்துக் கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொன்னார்கள். தோள் உயரத்துக்கு மேல் அது போகவில்லை. கை குறுக்கே கிடந்தால் கதிர் பாய்ச்ச முடியாது. அங்கிருந்த நர்ஸ் மிஸ் அன்பாகத்தான் சொன்னார், கை தூக்க முடிந்ததும் வாருங்கள், ஆனால் ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது என்று. நோய் மிச்சம் மீதி உள்ளே இருந்தால் அது எனக்காகப் பொறுத்திருக்காது. கண்டியிலிருந்து பஸ்ஸில் வீடு வரும்வரை யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மீதும் கோபப்பட்டேன்.

வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். சம்பந்தம் பேசும் வீட்டில் நோயாளியைப் பார்க்காமல் விடலாமா? நாத்தனார் போத்தலை அவர் கையில் கொடுத்து, நான் வலி பொறுத்த கதையை விவரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். சுவரோரம் போய் நின்று விரல்களை ஏற்றத் தொடங்கினேன்.

"கல்லுமில்ல, மண்ணுமில்ல," என்றேன், சுவரைப் பார்த்தபடியே. "புற்றுநோய். மார எடுத்துட்டாங்க. இந்தக் கை மேல போனாத்தான் நான் பொழைப்பேன். யாரு வந்தாலும் இனி நான் இப்படித்தான் நிப்பேன்."

கடையில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கணவர் எழுந்தார். நாத்தனார் முகம் செத்துப்போனது. தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் ஓடியவள் திரும்பி வரவில்லை. அறையில் நானும் அந்த அம்மாவும் மட்டும். அவரும் போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன்.

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"மொதல்ல நோவு இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல. சின்னதா ஒரு கட்டி. நோகவே இல்ல."

அவருடைய கை சேலைத் தலைப்புக்குள் போய் இடது பக்கத்தில் நின்றது.

"எனக்கும் நோகல," என்றார். "மகன் கல்யாணம் முடியட்டும்னு இருக்கேன்."