மூங்கில் கூடுகளை இறக்கிய கதை

1. மிதந்து வந்தது

திகன ஊர்ப் பக்கம் நீர்த்தேக்கக் கரையில் ஒரு ஹோட்டல். தூண்டில் போட வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போவது என் வேலை. ஒரு சீசன் முழுக்க யாருக்கும் மீன் படவில்லை. முதலாளி பாரூக் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார்.

"செல்வம், இப்படியே போனா படக நிப்பாட்டிட்டு ஒன்ன கிச்சனுக்குத்தான் போடணும்."

எனக்குப் படகை விட மனமில்லை. மீன்பிடி அதிகாரி மலர் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன்.

"அடியில வெறும் சேறுண்ணே. மீன் ஒதுங்க எடமில்ல. மூங்கில்ல கூடு கட்டி எறக்குங்க, பர்மிஷன் நான் எடுத்துத் தர்றேன்" என்றார்.

கட்டினோம், கல்லைக் கட்டி இறக்கினோம். மறுநாள் காலை ஹோட்டல் விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கூடுகள் எல்லாம் படகுத்துறைக்கு மிதந்து வந்து நின்றன.

ஹாஜியார் திட்டுவார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மீனுக்கு வீடு புடிக்கலயாம்டா!"

மூங்கிலுக்குள் காற்று. கணுவுக்குக் கணு ஓட்டை போட்டு, பக்கத்துப் பல்லேகலயிலிருந்து உடைந்த சீமெந்து புளொக் கல் கொண்டுவந்து கட்டி மறுபடி இறக்கினோம். இந்தத் தடவை மேலே வரவில்லை.

2. மூங்கில் நகராது

மறுநாளே தூண்டில் போட நின்றார் ஹாஜியார். மலர் மிஸ் விடவில்லை. "பாசி புடிக்கணும், அதுக்குக் குஞ்சு மீன் வரணும், அதத் தேடித்தான் விரால் வரும்."

மழைக்காலம் முடிந்துதான் படகை எடுத்தேன். முதலில் வந்தவர் பேராதனை ஆஸ்பத்திரி நர்ஸ் ரோகிணி. எங்களிடம் எத்தனையோ தடவை வந்து வெறுங்கையோடு போனவர். தூண்டில் வளைந்தது.

"அண்ணே, கூட்டுல மாட்டிக்கிச்சு!"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தூண்டில் நரம்பு பக்கவாட்டில் ஓடியது.

"மூங்கில் நகராதும்மா! ரீலச் சுத்துங்க!"

கை நீளத்துக்கு விரால். படகுத்துறையில் ஹாஜியார் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததில் ஒரு செருப்பு தண்ணீரில் போனது. ரோகிணி மீனைத் தூக்கிக் காட்டிவிட்டு, மெதுவாகத் தண்ணீரில் விட்டார். "போய் இன்னும் நாலு பேரக் கூட்டிட்டு வா."

புதிதாகப் படகு ஓட்ட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூட்டுக்கு மேலே நங்கூரம் போடாதீர்கள், தள்ளி நின்று வீசுங்கள். இன்று நன்றாக மீன் பட்ட கூட்டுக்கு நாளை போகாதீர்கள். இடத்தைச் செய்துகொடுத்துவிட்டு விலகி நிற்பதும் வேலைதான்.

இப்போது போனில் யாராவது "மீன் இருக்கா?" என்று கேட்டால் ஹாஜியார் சொல்வார்: "மீன் இருக்கு. ரூம் இருக்கான்னு கேளுங்க!"