டெர்மினலில் பூத்த உப்பு

எர்ணாவூரில் எங்கள் வீட்டுக் காரைக் கிளப்ப சாவி மட்டும் போதாது, ஒரு சொம்பு வெந்நீரும் வேண்டும். கடல் காற்றும் எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலும் சேர்ந்து பேட்டரியில் வயர் மாட்டுகிற டெர்மினலில் விடிவதற்குள் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூக்க வைத்துவிடும். அப்பா சாவியைத் திருப்புவார். ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. உடனே பானட்டைத் தூக்குவார். அம்மா அடுப்பிலிருந்து வெந்நீரோடு வருவாள். நான் பத்தாம் நம்பர் ஸ்பேனரை நீட்டுவேன். ஊற்றி, தேய்த்து, முறுக்கினால் இரண்டே நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். வண்டி மக்கர் செய்தால் முதலில் டெர்மினலைப் பார், மற்றதெல்லாம் அப்புறம் என்பது அப்பாவின் வேதவாக்கு. தெருவில் யார் வண்டி நின்றாலும் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பழைய காரை வாடகைக்கு ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் அது வாசலிலேயே நிற்கும். அதனால் அம்மா குவைத்தில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போவதென்று முடிவானது. இரண்டு வருடம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை மட்டும், அம்மா உனக்குப் பெரிய பொம்மை வாங்கி வருவாள் என்றாள். நான் பொம்மையை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது அவளுக்குத் தெரியாது.

கிளம்புகிற நாள் வீடு நிறைய ஆட்கள். ஆளாளுக்கு அம்மாவிடம் புத்தி சொன்னார்கள். அவள் பக்கத்தில் போய் நிற்கக்கூட எனக்கு இடம் கிடைக்கவில்லை. எல்லோரும் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுவதில் மும்முரமாக இருந்த நேரத்தில் நான் வாசலுக்குப் போனேன். பானட்டைத் தூக்கி, டெர்மினல் ஒன்றைத் தளர்த்தி, வயரைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்பேனரைக் கவுன் பையில் போட்டுக்கொண்டேன். விமானத்தைத் தவறவிட்டால் அம்மா போக முடியாது. என் யோசனை அவ்வளவுதான்.

அப்பா சாவியைத் திருப்பினார். அந்த ‘டக்’ கூட வரவில்லை. இறங்கி வந்து பானட்டைத் தூக்கியவர் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தபடி நின்றார். ஆனால் அவர் பேட்டரிப் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தார், ஊதினார், திரும்ப மாட்டினார். பெட்ரோல் குழாயைப் பிடுங்கி வாயால் உறிஞ்சித் துப்பினார். பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். பக்கத்து வீட்டு மாமா, தள்ளிப் பார்க்கலாமா என்றதற்கு வேண்டாமென்றார். ஆட்டோ பிடிக்கட்டுமா என்றதும் மறுபடி ஒரு பிளக்கைக் கழற்றினார். இத்தனை வருடம் வண்டி ஓட்டியவருக்குக் கண் முன்னால் இருப்பது தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவையே ஏமாற்றிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமை வேறு.

முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா புதுப் புடவையோடு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் வெந்நீர்ச் சொம்பு இருந்தது.

“இன்னாய்யா, டெர்மினல பாத்தியா நீ?”

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. “பாக்கல,” என்றார்.

“பாரு. டைம் ஆவுது.”

அவள் குரலில் கோபமே இல்லை. அப்பா டூல்ஸ் பெட்டியைத் தேடவில்லை. என்னைப் பார்க்காமலே என் பக்கம் கையை நீட்டினார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அது எப்படி என்னிடம் வந்தது என்று அவர் கேட்கவில்லை. அம்மா தண்ணீரை ஊற்றினாள், அப்பா வயரை மாட்டி முறுக்கினார், வண்டி கிளம்பியது.

விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது நாங்கள் இரண்டு பேர்தான். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் நான், ஏன் டெர்மினலை முதலில் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

“மறந்துட்டேம்மா,” என்றார்.

வீட்டுக் கொடியில் அம்மாவின் பழைய புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மடிக்க இரண்டு பேருக்குமே கை வரவில்லை. அவ்வளவு சின்ன வீடு அன்றைக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் ‘டக்’. அப்பா பானட்டைத் தூக்கிவிட்டு, பழக்கத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் போய் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தேன். அவர் நேராக டெர்மினலில் கை வைத்தார். இரண்டே நிமிடம், வண்டி கிளம்பிவிட்டது.

நேற்று மட்டும் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அம்மாவைப் போகவிடாமல் செய்யப் பார்த்தது அந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று வெகு காலம் நம்பியிருந்தேன்.