தண்ணீர் இல்லை என்று சொன்ன வீடு

கல்யாணமான நாள் முதல் நான் என் கணவரோடு சண்டை பிடித்தது தண்ணீருக்காகத்தான். வெயிலில் வயல் வேலை செய்கிறவர் ஒரு நாளைக்கு மூன்று லீற்றராவது குடிக்க வேண்டும் என்று நச்சரிப்பேன். கொடுத்துவிட்ட போத்தலைப் பாதியோடு திருப்பிக் கொண்டுவருவார். பிறகு சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. ஓமந்தையிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கினோம். தேத்தண்ணீர், குழம்பு எல்லாம் சேர்த்து இனி ஒரு நாளைக்கு அரை லீற்றர்தான், கூடினால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும் என்றார் டொக்டர்.

அன்றோடு என் சண்டை தலைகீழானது. காலையில் சின்னப் போத்தலில் அளந்து கையில் கொடுத்துவிடுவேன். குடத்தைக் குசினிக்குள் வைத்துப் பூட்டினேன். கிணற்று வாளியையும் கயிற்றோடு கழற்றி ஒளித்தேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் தராசில் நிறை கூடியிருந்தது. உடம்பில் நீர் சேர்ந்திருக்கிறது என்று தாதி என்னைத்தான் ஏசினார். பின்னேரங்களில் என் கணவர் உலாத்தப் போவது நினைவுக்கு வந்தது. ஒருநாள் பின்னாலேயே போனேன். முன்வீட்டுப் படலையைத் திறந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதில்லை. கதிரை போட்ட கையோடு செம்பு வந்துவிடும். குடித்தார், மழையைப் பற்றி இரண்டு கதை கதைத்தார், எழும்பி அடுத்த வீட்டுக்குப் போனார். இப்படி ஐந்து வீடு. என் மனிசன் தண்ணீருக்குப் பிச்சை எடுக்கிறார் என்று நெஞ்சு வெடித்தது. கோபமும் வந்தது. கோபத்தை மட்டும்தான் வெளியில் காட்டினேன்.

அடுத்த நாள் ஐந்து வீட்டுக்கும் போனேன்.

"அவர் வந்தால் இருத்திக் கதையுங்கோ. தண்ணி மட்டும் குடுக்காதேங்கோ."

முன்வீட்டுப் பெண் எனக்கென்று கொண்டுவந்த செம்பைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். பகையாளி கேட்டாலும் தண்ணீர் இல்லையென்று சொல்லக்கூடாது என்று வளர்ந்த சனம்.

அதற்குப் பிறகு அவர் உலாத்தப் போவது குறைந்தது. காரணம் நான்தான் என்று அவருக்குத் தெரியும், ஆனால் கேட்கவில்லை. முற்றத்து வேம்பின் கீழ் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு இருப்பார். நிறையும் கூடாமல் சொல்வழி கேட்டது. தாதி என்னைப் பாராட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அவருடைய இதயம் நின்றுவிட்டது. தண்ணீரால் அல்ல, இதயம் முன்னமே களைத்திருந்தது என்றார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, முன்வீட்டுப் பெண் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அண்ணை கண்ணை மூட முந்தின வெள்ளி எங்கட வீட்டுக்கு வந்தவர். ஒரு மிடறு தாவெண்டு வாய்விட்டுக் கேட்டவர். நான் கிணத்தடியில நிறைஞ்ச வாளியோட நிண்டு, தண்ணி இல்லையண்ணை எண்டு சொன்னனான்."

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பரவாயில்லைப் பிள்ளை, நான் கேட்டதை அக்காவுக்குச் சொல்லிப்போடாதை எண்டவர்."

என் வாய் எனக்குத் தெரியும்தானே. நான் ஏசுவேன் என்று பயந்திருப்பார் என்றேன்.

"இல்லையக்கா. அவா அழுவா எண்டுதான் சொன்னவர்."