கோப்பன்ஹேகன் காட்டிய கூட்டாளி

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கில் எங்கள் இரண்டாவது குளிர்காலத்தில், வீட்டில் அதுவரை யாருக்கும் இல்லாத ஆசை ஒன்று ஒரே இரவில் எல்லோருக்கும் வந்துவிட்டது. மாமாவும் நானும் கோப்பன்ஹேகன் பார்க்க வேண்டுமாம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. விசா முடிவுக்காகக் காத்துக்கொண்டு வைலே நகரில் எங்களுடன் இருந்தார். ஊரில் அவருக்கும் இளையவரான சின்ன மாமா இருந்தார். எனக்கு எட்டு வயது. அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் மாமாவின் கூட்டாளி, கழுத்தில் கம்பளிச் சால்வையும் தோளில் கமராவுமாக வந்து நின்றார். தலைநகரை ஒட்டிய புரொண்பியில் சில மாதங்கள் இருந்தவர் என்பதால், கோப்பன்ஹேகன் அவருடைய சொந்தக் காணி என்ற மாதிரித்தான் கதைப்பார்.

"கடை, கோபுரம், அரண்மனை எல்லாம் காட்டிறன். இப்ப போகாட்டி எப்ப போறது?" என்று அவசரப்படுத்தினார்.

எங்கே போவதென்றாலும் எனக்கு முன்னால் சப்பாத்துப் போடுகிற அம்மா அன்று வரவில்லை. காய்ச்சல் என்றார். போர்வைக்குள் இருந்தபடியே என்னை இழுத்துக் கொஞ்சினார். முகம் சுட்டது. அதனால் நம்பினேன்.

ஸ்டேஷன்வரை அப்பா வந்தார். மாமா டிக்கெட் எடுக்கப் போன நேரத்தில் கூட்டாளியின் காதருகே குனிந்து, "பின்னேரம் வரைக்கும் கவனமாப் பாத்துக்கொள், தம்பி. தனிய விட்டிடாதை," என்றார்.

"ஓம் அண்ணை. நீங்கள் யோசியாதேங்கோ."

என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குக் கோபம். அப்பாவுக்குக் காட்டுவதற்காகப் பிளாட்பாரத்தின் கடைசிவரை தனியே நடந்துபோய்த் திரும்பி வந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்தக் காலத்தில் பாலம் கிடையாது. நீபோ என்ற ஊரில் ரயிலே கப்பலுக்குள் போய் நிற்கும். அந்த அதிசயத்தைக்கூடக் கூட்டாளி ஆறுதலாகப் பார்க்க விடவில்லை. மாமா எழும்பினால் அவரும் எழும்பினார். மாமா கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்றார்.

கோப்பன்ஹேகனில் இறங்கியதும் மாமா முதலில் தேடியது டெலிபோன் பெட்டியை.

"அக்காவுக்குக் காய்ச்சல் எப்பிடியெண்டு ஒருக்காக் கேப்பம்."

"இப்ப நித்திரையா இருப்பா மச்சான். பாவம், எழுப்பாதை. நட, நட."

நடந்தோம். நடை என்று அதைச் சொல்ல முடியாது. உறைந்த தெருக்களில் வழுக்கி, விழுந்து, எழும்பி ஓடினோம். கூட்டாளி மாதக்கணக்கில் புகழ்ந்த பெரிய பூங்காவின் வாசலில் பூட்டுத் தொங்கியது. குளிர்காலத்தில் திறப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. "வெளியில இருந்து பாத்தாலும் வடிவுதான்," என்று கம்பிக்கு முன்னால் எங்களை நிறுத்திப் படம் எடுத்தார். அரண்மனைக்கு முன்னால் கரடித்தோல் தொப்பிக் காவலர்கள் மாறும்வரை நின்றோம். அவர்களாவது சற்று அசையாமல் நின்றார்கள். கூட்டாளி அதற்குள் பத்துத் தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பார்.

எனக்குக் கால் விறைத்து அழுகை வந்தது. ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தோம். எனக்குச் சூடான கொக்கோ வந்தது, மேலே மலைபோல் கிரீமுடன். இரண்டு மிடறு குடித்திருப்பேன். கூட்டாளி திடீரென்று எழும்பினார்.

"கோபுரம் பூட்டிப்போடுவாங்கள். வாங்கோ, வாங்கோ!"

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு டெலிபோன் தொங்கியதை நானும் கண்டேன். ஆனால் அதையும் என் கொக்கோவையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு இல்லை. அந்த மனிதரை அதற்காக நெடுங்காலம் நான் மன்னிக்கவில்லை.

வட்டக் கோபுரத்தில் படிகள் கிடையாது. சங்குக்குள் போவதுபோல் பாதை சுற்றிச் சுற்றி மேலே போகும். முழங்கால் நோகிறது, நீங்கள் இருவரும் போய் வாருங்கள் என்று மாமா கீழே நின்றுவிட்டார். கூட்டாளி தயங்கினார். நான் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டேன். என்னைத் துரத்துவதா, மாமாவுடன் நிற்பதா என்று அந்த மனிதர் வாசலில் ஒரு கணம் தத்தளித்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கடைசியில் என் பின்னால் ஓடி வந்தார். மேலே கூரைகளின் பனியை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார்.

கீழே மாமா இல்லை.

கூட்டாளி வீதியின் இரண்டு பக்கமும் மாமாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். டெனிஷ்காரர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு தெரு தள்ளி, விளையாட்டுச் சாமான் கடையொன்றின் கண்ணாடிக்கு முன்னால் மாமா நின்றார். கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"எங்கயடா போனனீ?"

"சும்மா. குளிருக்கு நடந்தனான்," என்றார் மாமா. பிறகு, "இன்னும் என்ன இருக்கு? காட்டு," என்றார்.

அதன் பிறகு ஓட்டம் மாமாவுடையது. துறைமுகம் என்றார், பாலம் என்றார், கண்ணில் பட்ட தேவாலயத்தையெல்லாம் சுற்றினார். கூட்டாளிதான் இப்போது மூச்சு வாங்கப் பின்னால் வந்தார். மாமா என் கையை விடவே இல்லை. காண்பதற்கெல்லாம் பெயர் கேட்டார்.

"பிள்ளை, பாலத்துக்கு டெனிஷில என்ன?"

"புறோ."

"புறோ. கப்பலுக்கு?"

"ஸ்கிப்."

"ஸ்கிப். அந்தக் குருவிக்கு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்கு மாமா கோபிக்கவில்லை. அடுத்ததைக் கேட்டார். நான் வாயை மூடினால் அவருக்குப் பொறுக்காது போலிருந்தது. என் டெனிஷைப் பார்த்து மாமா வியக்கிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

எனக்குக் கல்யாணமாகிய பிறகுதான் அம்மா சொன்னார். அந்தப் பயணத்துக்கு முதல் நாள் மாலை லண்டனிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் அழைத்திருக்கிறார். ஊரில் இராணுவம் நடத்திய சுற்றிவளைப்பில் சின்ன மாமா சுடப்பட்டதாகக் கேள்வி, உறுதியில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்றாராம். மாமா முன்கோபக்காரர். கேட்டால் அன்றைக்கே ஊருக்குத் திரும்புவேன் என்று வெளிக்கிடுவார். உறுதியாகும்வரை அவரை டெலிபோனிலிருந்து தூரமாக வைத்திருக்கத்தான் அந்தச் சுற்றுலா. சனிக்கிழமை மதியம் டெலிபோன் மீண்டும் அடித்தது. செய்தி உண்மைதான். அப்பா பாதிரியாரைக் கூட்டிவரப் போனார். அடுத்து அடித்தபோது அம்மா தனியே இருந்தார்.

"நான்தான் எடுத்தன், மற்றப் பக்கம் உன்ரை மாமா. அவன் ஒண்டும் கேக்கேல்லை. எனக்கும் வாய் வரேல்லை. என்ரை மூச்சிலையே விளங்கியிட்டான்," என்றார் அம்மா. "பிறகு, அவனுக்கு நான் டெலிபோன் எடுத்தனெண்டு சொல்லாதை அக்கா, பாவம், விடியத் தொடக்கம் ஓடி ஓடி இடம் காட்டிறான் எண்டான்."

திரும்பி வரும்போது கடலில் நன்றாக இருட்டிவிட்டது. ரயிலைக் கப்பலுக்குள் விட்டுவிட்டு மேல்தளத்துக்கு ஏறினோம். காற்று அறைந்தது. கூட்டாளி சால்வையை இறுக்கிக்கொண்டு, "வெயில் காலத்தில திரும்ப வருவம் மச்சான். அந்தப் பூங்காவும் திறந்திருக்கும்," என்றார்.

"காணும் மச்சான்," என்றார் மாமா. "எனக்குத் தெரியும். நீ இனிக் கஷ்டப்படாதை."

கூட்டாளி அவரையே பார்த்தார். பிறகு மாமாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நான் எந்தப் பெரிய ஆளிடமும் அதுவரை கேட்டிராத சத்தத்தில் அழுதார். மாமாதான் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

எங்கள் பேச்சில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். பார்த்தது போதும் என்று மாமா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாரே, இவ்வளவு பாடுபட்டவருக்கு மனம் நோகாதா என்று எனக்குக் கூட்டாளியில் இரக்கம் வந்தது. கொக்கோவைக்கூட அந்த நேரம் மறந்தேன். அவருடைய கையுறையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதேங்கோ. எனக்குக் காணாது. அடுத்த சனியும் வருவம். சின்ன மாமா வந்தாப் பிறகு அவருக்கும் காட்டுவம்."

மாமா அப்படியே ஈர இரும்புத் தளத்தில் குந்திவிட்டார். அவர் போட்டிருந்தது அப்பாவின் நல்ல கோட்டு. நனைந்தால் அம்மா ஏசுவார் என்று, எழும்புங்கோ, எழும்புங்கோ என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழும்பவில்லை.