முளைவிட்ட பயறு

ஆபரேஷனில் இடது மார்பை எடுத்த பிறகு, துணிப்பையில் பச்சைப்பயறு நிரப்பி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வேன். நாங்கள் குடியிருந்த கோர்படி குவார்ட்டர்ஸில் யாருக்கும் அது தெரியாது. ஒருநாள் மழையில் பை நனைந்துவிட்டது. கொடியில் காயப்போட வெட்கப்பட்டு பீரோவுக்குள் ஒளித்துவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, செக்கப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் அதையே வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் உடை மாற்றும்போது பார்த்தால், தையல் வழியே வெள்ளை முளைகள் எட்டிப்பார்த்தன. எனக்கு அழுகை முட்டியது.

பக்கத்தில் நின்ற ஷோபா என்ற பெண்ணுக்கும் அதே ஆபரேஷன்தான். எரவாடா பகுதிக்காரி. தன் ரவிக்கைக்குள் இருந்த பையை எடுத்துக் குலுக்கிக் காட்டி இந்தியில் சொன்னாள்.

“என்னுதுல கடுகு இருக்கு அக்கா. எங்க ஊர் முளைப்பயறு சுண்டல், உசலே தாளிச்சிடலாம்.”

நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தோம். நோய் வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மாலையில் பையைத் துவைத்து, எல்லாரும் பார்க்க வாசல் கொடியில் காயப்போட்டேன்.