சீரில் ஏறிய மாத்திரை டப்பாக்கள்

எனக்கும் என் அடிவயிற்றுக்கும் ஆறு வருடமாக ஒத்துப்போகவில்லை. உட்கார்ந்தால் கடுக்கும், எழுந்தால் முட்டும். பாத்ரூம் போய்விட்டு வந்த பத்தாவது நிமிடம், நான் போகவே இல்லை என்று அது சாதிக்கும். காரைக்குடியில் மூன்று தடவை டெஸ்ட் எடுத்தேன். கிருமி இல்லை, கல் இல்லை, சர்க்கரை இல்லை. "எல்லாம் நார்மல்தாம்மா, தண்ணி நிறையக் குடிங்க" என்று அனுப்பிவிட்டார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு நான் எங்கே போய் நிற்பது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

நார்மல் என்று எழுதிக் கொடுத்த பிறகும் வலிக்கிறது என்று சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் வீட்டில் மூச்சுகூட விடவில்லை. கணவரிடம் சொன்னால் நாத்தனாருக்குப் போகும். நாத்தனாரிடம் போனால் அன்று சாயங்காலமே அரியக்குடிப் பெருமாள் கோயிலில் அர்ச்சனை நடக்கும், என் பெயர், நட்சத்திரம், கோளாறு எல்லாம் சொல்லி. எதற்கு வம்பு? டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுக்கிற மாத்திரை எத்தனையோ இருக்கின்றன, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன்.

காரைக்குடியில் வாங்க முடியாது. எந்த மெடிக்கலில் ஏறினாலும் உள்ளே நமக்கு வேண்டியவர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அதனால் புதுவயலுக்கு பஸ் ஏறினேன். அரிசி மில்களுக்கு நடுவே ஒரு சின்னக் கடை. இங்கே யாருக்கு என்னைத் தெரியும் என்ற தைரியத்தில் குனிந்து, மெதுவாகச் சொன்னேன்.

"காதுல விழலை ஆச்சி. லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க."

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"ஓ, ஒண்ணுக்குப் போறதுல கடுப்பா?" என்று அவர் அந்த லாரிக்கும் சேர்த்துக் கத்தினார். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் தோளில் மூட்டையோடு நின்று, "வாழத்தண்டுச் சாறு குடிங்க ஆத்தா, நல்லாக் கேக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். நல்ல மனுசன்தான். ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கடைக்காரர் கிரான்பெரி மாத்திரை கொடுத்தார். அது என்ன பழம் என்று கேட்டேன். நம்ம களாக்காய்க்கு வெளிநாட்டில் ஒரு சொந்தம் என்றார். பிறகு ஒரு வெள்ளைப் பவுடர் வந்தது. பார்க்க சீனி மாதிரி, விலையைப் பார்த்தால் தங்க பஸ்பம். அடுத்து பூசணி விதை கேப்சூல். நான் ஆயுசு முழுக்க அரிவாள்மனையில் வழித்துக் குப்பையில் போட்ட விதையை எவனோ டப்பாவில் அடைத்து எனக்கே விற்கிறான்! வாங்கினேன். மக்னீசியம், நெருஞ்சி முள், போனில் விளம்பரம் வந்த ஒரு ஊதா டப்பா, எதையும் விடவில்லை. ரெண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் ரெண்டு வாங்கினேன். முதல் வாரம் எல்லாமே கேட்கும். ரெண்டாவது வாரம் கடுப்பு தன் வேலையைப் பார்க்க வந்துவிடும். பின்னால் மதுரையில் ஒரு டாக்டரம்மா, கிருமியே இல்லாத இடத்துக்கு எதற்குக் கிரான்பெரி, சிலருக்கு அந்தப் புளிப்பே எரிச்சலைக் கூட்டும் என்று சொல்லி, காபியைக் குறைக்கச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இந்த டப்பாக்களை எங்கே வைப்பது? பெரிய வீடு, நூறு ஜன்னல், ஆனால் ஒளித்துவைக்க ஓர் இடம் கிடையாது. யோசித்து யோசித்து, மகளுக்குச் சாமான் சேர்த்து வைத்திருந்த உள்ளறையில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் பெண் பிறந்ததிலிருந்தே அவள் கல்யாணத்துக்கு ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குவோம். வெள்ளி, எவர்சில்வர், பாய், கூடை, சோப்பு, சீப்பு வரைக்கும். அந்த அறைச் சாவி பெண்ணைப் பெற்றவளிடம்தான் இருக்கும். நான் இல்லாமல் வேறு யாரும் திறக்க மாட்டார்கள். சோப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் என் டப்பாக்கள் பத்திரமாக இருந்தன.

அப்புறம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தேவகோட்டைச் சம்பந்தம். இந்த வீட்டிலேயே கல்யாணம்.

கல்யாணத்தன்று காலை எனக்கு இருந்த ஒரே கவலை, சடங்கில் உட்கார்ந்தால் நடுவில் எழுந்திருக்க முடியாதே என்பதுதான். எங்கள் பாத்ரூம், முற்றமும் தாழ்வாரமுமாக மூன்று கட்டு தாண்டி, கடைசியில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் ஒரு தடவை போய் வந்துவிடலாம் என்று, உள்ளறைச் சாவியை நாத்தனாரிடம் கொடுத்தேன். "ஆச்சி, சாமானையெல்லாம் ஹால்ல பரப்பி வச்சிருங்க, இந்தா வந்துர்றேன்" என்று ஓடினேன். கல்யாணத்தன்று சீர் முழுவதையும் பரப்பிவைப்போம், வந்தவர்கள் நின்று நிதானமாகப் பார்ப்பார்கள். டப்பா ஞாபகம் வரவில்லையா என்று கேட்கிறீர்களா? வயிறு முட்டும்போது உங்களுக்கு எது ஞாபகம் வரும் என்று பார்ப்போம்.

சமையல்காரர் வழியில் பிடித்துக்கொண்டதில் அரை மணி போய்விட்டது. திரும்பி வந்தால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஹால் நிறைய நிற்கிறார்கள். ஷாம்புவுக்கும் பவுடருக்கும் நடுவில் என் டப்பாக்கள், கோபுரமாக அடுக்கி, மேலே சிவப்பு ரிப்பன் கட்டி! நாத்தனார் வேலை என்றால் அப்படித்தான். எதையும் மிச்சம் வைக்க மாட்டார்.

"நீ வாங்கினதுல ஒண்ணை விடலை, பாத்தியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மாப்பிள்ளையின் அத்தை அந்தக் கோபுரத்தின் உச்சி டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன டப்பா? எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு."

நாத்தனாருக்கு அது என்னவென்று சத்தியமாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் கிடையாது. "அதுவா? முடி வளர்றதுக்கு. வெளிநாட்டுச் சரக்கு."

"அப்படியா!" அத்தை தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் முக்கால்வாசி சவுரி. "எத்தனை சாப்பிடணும்?"

நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "ரெண்டு" என்று விரலைக்கூடக் காட்டினேன். தின்றுவிட்டுப் போகட்டும், ஒன்றும் ஆகாது, என் மானம் தப்பித்தால் போதும் என்று இருந்தது.

ஆனால் அத்தை விவரமானவர். கைப்பையிலிருந்து போனை எடுத்து டப்பாவின் மேல் காட்டினார். அது இங்கிலீஷைத் தமிழாக்கிப் படிக்கிற போன். ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பதுபோல் தெளிவாகச் சொன்னது: "சிறுநீர்ப்பை அசௌகரியத்திற்கு உகந்த துணை உணவு. அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு உள்ளவர்களுக்கு."

கிழிஞ்சது போ என்று நினைத்தேன்.

அத்தை ஒன்றோடு விடவில்லை. ஊதா டப்பா, பூசணி விதை டப்பா என்று வரிசையாகப் போனைக் காட்டினார். எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடின. "பொண்ணுக்கு என்ன சீக்கு?" என்றார். "இம்புட்டு டப்பா வாங்கி வச்சிருக்கீக. கேட்டா முடிக்குங்கிறீக. எங்ககிட்ட எதை மறைக்கிறீக?"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சம்பந்தி ஆச்சி, மாப்பிள்ளையின் அம்மா, தூண் பக்கத்தில் இறுகிய முகத்தோடு நின்றார். திருப்பூட்டுக்கு, அதுதான் தாலி கட்டுக்கு, இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. பாதி பூ வைத்த தலையோடு என் மகள் அறை வாசலுக்கு வந்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, மை கரைந்துவிடுமே என்று விழவிடாமல் பிடித்து வைத்திருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்தேன். வெட்கமாவது, மானமாவது!

"என் மகளுக்கு ஒரு சீக்கும் கிடையாது!" என்று கத்தினேன். "அவ பெங்களூர்ல இருந்து பஸ்ல வந்தாலும் சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டா. கடுப்பு எனக்கு! ஆறு வருசமா எனக்கு! இந்த டப்பா அம்புட்டும் என்னோடது. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஓடுறவ நான்தான். ஒரு டப்பாவும் கேக்கலை, அதையும் சொல்லிப்புடுறேன். இப்பவும் முட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன். போதுமா?"

கல்யாண வீடியோவில் இது முழுசாக இருக்கிறது. எடிட் செய்த புண்ணியவான் பின்னணியில் வீணை போட்டிருக்கிறான். ஆண்கள் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற என் கணவர், "ஆறு வருசமாவா?" என்று கேட்பதும் அதில் பதிவாகியிருக்கிறது.

சம்பந்தி ஆச்சி நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "கொஞ்சம் உள்ள வாங்க, பேசணும்" என்றார். சரி, முடிந்தது, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டாமே என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நம் வயிற்றுக் கோளாறால் பிள்ளை வாழ்க்கை போச்சே என்று அவர் இழுத்த பக்கம் போனேன்.

ரெண்டாம் கட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"ஆச்சி, உங்க வீட்ல பாத்ரூம் எங்குட்டு இருக்கு? விடியக்கால வேன்ல ஏறினது, வழி நெடுக ஆளை ஏத்திக்கிட்டு இப்பத்தான் வந்து சேர்ந்தோம். சம்பந்தம் பண்ற வீட்டுல வந்ததும் வராததுமா இதைக் கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு அடக்கிக்கிட்டே நிக்கிறேன். இனிமே என்னால ஆகாது."

"அய்யோ, வாங்க ஆச்சி!" என்றேன்.

ரெண்டு பேரும் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாம் கட்டில் சமையல்காரர்களுக்கு நடுவே ஓடினோம். அங்கே போனால், கதவு முன்னால் "நீங்க போங்க", "சேச்சே, நீங்க போங்க" என்று சம்பந்தி மரியாதை வேறு. மாப்பிள்ளை வீட்டார் என்பதால் அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

நானும் போய்விட்டு வந்தபோது அவர் போகாமல் குழாயடியில் நின்றிருந்தார். முகத்தில் இறுக்கம் போயிருந்தது. "எங்க வீட்லயும் இது கடைசிக் கட்டுலதான். முதல் வேலையா முகப்புக்குப் பக்கத்துல ஒண்ணு கட்டச் சொல்லணும்" என்றார்.

"எதுக்கு ஆச்சி? எம் மக சின்னப் பொண்ணுதானே, நடந்துபோய்க்கிருவா."

"அவளுக்கு இல்லை. நீங்க வந்தா நாலு நாள் தங்கணும்ல?" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாங்க, பொண்ணு அழுதுக்கிட்டு நிப்பா" என்று என்னை முந்திக்கொண்டு நடந்தார்.