எண்ணெய் வைத்த பிரேக்

“…நான்தான் எண்ணெய் வச்சேன், மச்சான். கிறீச் கிறீச்சுன்னு கத்திக்கிட்டே இருந்துச்சே, கொஞ்சம் எண்ணெய் வச்சா அடங்கும்னு பார்த்தேன்” என்றார் அப்பா.

முற்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள் பாருங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகள் சிதறி ஓடின. பதினைந்து வருஷமாக டாக்சி ஓட்டுகிற மனிதர் பிரேக்குக்கு எண்ணெய் வைத்தாராம்! பிரேக்கில் எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது என்பது டாக்சி ஸ்டாண்டில் கடலை விற்பவருக்குக்கூடத் தெரியும்.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பு, எனக்கு ஏழு வயதில் நடந்தது இது. எங்கள் வீடு சென்ட்ர் டி ஃப்ளாக் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். அப்பாவின் கார் என்னைவிட மூத்தது. அதனால் அம்மா அதை என் அக்கா என்றே சொல்வாள். “உங்கக்கா வர்ற சத்தம் கேக்குது, போய்க் கதவைத் திற” என்பாள். வீட்டில் எங்கள் பேச்சு பாதிக்கு மேல் கிரியோல்தான். உறவைக் கூப்பிடவும் சாமியைக் கூப்பிடவும் தமிழ். பின்னாளில் நானாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டதால் இதை இப்படி எழுத முடிகிறது.

ஒரு சந்தை நாளன்று, நிற்க வேண்டிய இடத்தில் அக்கா நிற்கவில்லை. ஒரு கத்திரிக்காய்க் கூடையைத் தள்ளிவிட்டுத்தான் நின்றாள். மாமா வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். மாமா அம்மாவின் தம்பி, சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பட்டை, அதுதான் பிரேக் லைனிங், ஆணி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது.

“ஆலை லாரிக்குப் போடுற பட்டை இருக்கு, அத்தான். அளவா அறுத்து, செப்பு ஆணி அடிச்சுத் தர்றேன். ரெண்டு நாள் வேலை.”

அப்பா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. அவருக்கு வேண்டியது ‘வ்ரே பியேஸ்’, அதாவது அசல் சாமான். காரைச் செய்தவர்களே செய்து, அவர்கள் முத்திரை குத்தி, சீமையிலிருந்து அனுப்ப வேண்டும். “கப்பல் ஏறி வராதது பியேஸ் இல்லை மச்சான், வெறும் இரும்பு.”

“நம்ம பாட்டன்கூடக் கப்பலேறித்தான் வந்தாரு. அவரை யாரு வ்ரேன்னு சொன்னாங்க?” என்றார் மாமா.

அப்பா துறைமுகம் இருக்கிற போர்ட் லூயிக்குப் போய்ச் சொல்லி வைத்துவிட்டு வந்தார். அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். அடுத்த கப்பலில் வரவில்லை. அதற்கு அடுத்த கப்பலிலும் வரவில்லை. கார் வாசலில் நின்றபடி இருந்தது. அதற்குள் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தகப்பனில்லாத பெண்ணை அப்பாதான் வளர்த்தார். மாப்பிள்ளை வீடு பாம்ப்ளமூஸ் பக்கம். கல்யாணமும் அங்கே உள்ள கோயிலில். கல்யாணத்தன்று உன்னை என் காரில்தான் கூட்டிப் போவேன் என்று அத்தைக்கு ஏழு வயதிலேயே வாக்குக் கொடுத்திருந்தாராம், அப்போது அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் வேறு, தங்கள் காரை அனுப்பட்டுமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள். அவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். அப்பா அன்றைக்கெல்லாம் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெட்டி வந்து சேர்ந்தது. முத்திரை, மெழுகுத்தாள், புது வாசனை. எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருளும் முதலில் சாமி மாடத்துக்குப் போக வேண்டும். என் சிலேட்டும் போயிருக்கிறது, அப்பாவின் செருப்பு மட்டும்தான் போனதில்லை. பெட்டியும் போனது. அம்மா மூடியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள்.

எனக்கு அது போதவில்லை. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்ததற்கு ஒரே ஒரு பொட்டா? கோயிலில் முருகனுக்கு எதைச் செய்வதானாலும் முதலில் எண்ணெய்க் காப்பு. மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தேன். எல்லோரும் முற்றத்தில் இருந்தார்கள். பெட்டியைத் திறந்து, மெழுகுத்தாளை விலக்கி, விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை ஊற்றி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிட்டேன். மந்திரம் தெரியாததால் வேல் வேல் என்று சொன்னேன். பழையபடி மூடியும் வைத்தேன்.

முற்றத்தில் மாமா நான்கு சக்கரத்தையும் கழற்றிவிட்டுக் கை நீட்டினார். காருக்கு ரிப்பன் கட்ட வந்திருந்த ஸ்டாண்டுக்கார டிரைவர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்பா பெட்டியைக் கொண்டுவந்து, பிள்ளையைத் தூக்குவதுபோல ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது மாமாவின் கையிலிருந்து வழுக்கிப் புழுதியில் விழுந்தது.

“ஆயோ! கி சா? என்னது இது? சொட்டச் சொட்ட எண்ணெய்! அவ்வளவையும் குடிச்சிருச்சு, இனி அடுப்புக்குத்தான். எந்தக் கழுதை செஞ்ச வேலை இது?”

அம்மா வாசலுக்கு வந்தாள். அவள் பின்னால் மஞ்சள் பூசிய முகத்தோடு அத்தை. அப்பா பெட்டியைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அவர் ‘நான்தான்’ என்ற அந்த வார்த்தையைச் சொன்னார்.

ஸ்டாண்டில் அவருக்கு ‘நல்லெண்ணெய்’ என்று பெயர் வந்தது அன்றிலிருந்து. அந்தப் பெயர் கடைசிவரை போகவில்லை. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பொடிப் பயல்கள்கூட, கிரியோலில் மாமா முறை வைத்து, “தோந்தோன், இன்னைக்கு பிரேக்குக்கு எண்ணெய் வச்சாச்சா?” என்று கேட்டார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அடி விழாமல் தப்பித்தோம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு டிரைவருக்கு அந்தச் சிரிப்பு எங்கே போய்த் தைக்கும் என்று தெரிய நானே ஒரு பிழைப்புக்குப் போக வேண்டியிருந்தது.

அத்தை அண்ணன் காரிலேயே போய் இறங்கினாள். கோயில் வாசலில் மாப்பிள்ளையின் தகப்பனார் காலடிக்கு ஒரு முழம் முன்னால் கார் சத்தமில்லாமல் நின்றது. மாமாவின் லாரிப் பட்டை சுதந்திரக் கொடி ஏறிய பிறகும் உழைத்தது.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த முற்றம்தான். அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா தன் சாக்குப்பையை அவிழ்த்தார். அளவாக அறுத்து ஆணி அடித்த லைனிங்குகள், எண்ணி எட்டு, எப்போதோ செய்து வைத்திருந்தவை. “போடு மச்சான்” என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே என் பக்கம் பின்வாங்கி வந்தார். யாருக்கும் தெரியாமல் கைக்குட்டையை எடுத்து, முதுகுக்குப் பின்னால் இருந்த என் கையைப் பிடித்து, விரல் விரலாகத் துடைத்தார். ஏதோ தின்னத் தரப் போகிறார் என்று நினைத்து நான் மறு கையையும் நீட்டினேன்.

அதையும் துடைத்தார்.